பசியும் கொதியும்

எங்கள் பக்கத்தில் கொதி என்றால் அடுப்பில் தண்ணீர் கொதிப்பது மட்டுமல்ல. தின்பண்டத்தின் மேல் ஒருவருக்கு வரும் அடங்காத ஆசைக்கும் கொதி என்றுதான் பெயர். கொதியோடு ஒருவர் பார்த்த உணவைத் தின்றவருக்கு வயிறு வலிக்கும் என்பார்கள். அதைக் 'கொதி பட்டுட்டு' என்று சொல்வார்கள். உப்பையும் நல்லமிளகையும் கையில் வைத்து ஓதித் தின்னக் கொடுத்தால் வலி போய்விடுமாம். அடுத்தவர் சாப்பிடும்போது இலையைப் பார்க்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிவிடுவோம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொன்ன காலம் உண்டு.

2008-ல் என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீடு ஆரல்வாய்மொழியில். எனக்கு அங்கேயே காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை. அந்த வருடம் காற்றுக்காலம் முடிந்த சமயத்தில்தான் அவளுக்குப் பசி கூடியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சோறு, கொஞ்ச நேரத்தில் மரச்சீனிக்கிழங்கு, பிறகு ஏத்தம்பழம், அதன்பின் மறுபடியும் சோறு. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஆனால் சீருடைப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தித்தான் அனுப்பினோம். வளர்கிற பிள்ளை, உயரம் போடுகிறது என்று நினைத்தேன். அவள் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

பக்கத்து வீடு என் அக்காவுடையது. அவளுக்கு வாய் அடங்காது. மனதில் ஒன்றும் இருக்காது.

"ஏட்டி, வயித்துக்குள்ள ஆளு வச்சா தீனி போடுக?" என்பாள்.

"பசிக்கு அத்தே, நான் என்ன செய்ய?"

"இது பசியா? பசின்னா தின்னா அடங்கணும்லா. இது கொதியாக்கும் மக்கா."

"அப்பம் உங்க வீட்டு முந்திரிக்கொத்தை எல்லாம் ஒளிச்சு வச்சுக்கிடுங்கோ. இன்னைக்கு வாறேன்."

எல்லாரும் சிரிப்போம். அப்போது என் மகள் அப்படிப் பதிலுக்குப் பதில் பேசுகிறவளாக இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் சின்ன மகன் புட்டும் பழமும் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் தின்னும்போது என் மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அக்கா உப்பும் மிளகும் எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். "கொதிச்சி கண்ணு பட்டுட்டு, வேற ஒண்ணுமில்ல" என்றாள். கொதி பிடித்தவள் என்று என் மகளைக் கேலியாகத்தான் சொன்னாள். பையன் அதைத் தின்றுவிட்டு விளையாடப் போய்விட்டான். வாசலில் நின்ற என் மகளின் முகத்தை யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பிடும் நேரத்தில் அவள் போவதில்லை. பிறகு எங்கள் வீட்டிலும் கேட்பதை நிறுத்தினாள். பசி மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கூடப் பையைக் கழுவ எடுத்தபோது அவள் அம்மாவுக்குப் புத்தகங்களுக்கு நடுவே காய்ந்த பழத்தோல்கள் கிடைத்தன.

அதற்கு மறுவாரம் ஒரு காலையில் மகள் வாந்தி எடுத்தாள். ஓடி வந்தவள்போல மூச்சு இரைத்தது. மூச்சில் அழுகிய பழத்தின் மணம். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதி, உடம்பில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுவிட்டது என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் வரும் என்பது எனக்குத் தெரியாது. பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லும்வரை நான் அந்த வராந்தாவை விட்டு நகரவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் டாக்டரிடம் கேட்டேன்: "ரத்தத்துல அவ்வளவு சர்க்கரை கெடந்தும் பிள்ளைக்கு ஏன் பசி அடங்கல்ல?"

"நீங்க வயித்தைப் பாத்துக் கேக்கிய. பதில் தலையில இருக்கு" என்றார் அவர். இன்சுலின் தசைக்கும் கொழுப்புக்கும் சர்க்கரையைக் கொண்டுசேர்ப்பதோடு நிற்பதில்லையாம். ரத்தத்தின் வழியாக மூளைக்கும் போகிறது. 'உடம்பில் இருப்பு இருக்கிறது, போதும்' என்ற செய்தி அதன் வழியாகத்தான் மூளைக்குக் கிடைக்கிறது. கிடைத்தால் மூளை பசியைக் குறைக்கும். சர்க்கரையைக் கொட்டாதே என்று ஈரலுக்கும் சொல்லிவிடும். செய்தி வராவிட்டால், உடம்பு பட்டினி கிடக்கிறது என்று மூளை நம்பிவிடும். தின்னு, இன்னும் தின்னு என்று பிடரியைப் பிடித்துத் தள்ளும். ஈரலோ இருக்கிற சர்க்கரையோடு இன்னும் கொட்டும். "எலிகள்ல இதைத் தெளிவா பாத்திருக்காங்க. மனுஷனுக்கு எவ்வளவு தூரம் அப்படியேன்னு இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா உங்க பிள்ளைக்குப் பசி வந்தது ஆசையினால இல்ல சார்."

எனக்கு அது உடனே புரிந்தது. காற்றாலையின் உச்சியில், இறக்கைகளுக்குப் பின்னால், காற்றின் வேகத்தை அளக்க மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். உப்பும் தூசியும் படிந்து அது இறுகிவிட்டால், ஆடிக் காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போனாலும் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் காற்றே இல்லை என்றுதான் காட்டும். இயந்திரம் சும்மா நிற்கும். இறக்கையைக் குறை சொல்லி நாங்கள் யாரும் நேரத்தைப் போக்கியதில்லை. நேரே அந்தக் கிண்ணத்தைத்தான் பார்ப்போம். என் மகளுடைய விஷயத்தில் எங்கள் தெரு முழுவதும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊசி போடத் தொடங்கியதும் சில வாரங்களில் பசி அடங்கியது. பாவாடைக்கு ஊக்கு தேவைப்படவில்லை. அக்கா தினமும் வந்து அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். ஓதிய கையை நினைத்து அழவும் செய்தாள். முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வேர்க்கும், கை நடுங்கும், கடுமையாகப் பசிக்கும். அப்போது உடனே வாய் திறந்து சொல்ல வேண்டும். "பசிக்குன்னு இவ சொன்னா, அன்னைக்கு அது உயிர் காரியம்" என்றார். அவள் தலையாட்டினாள்.

மறு வருடம் வடசேரியில் ஒரு மண்டபத்தில் என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் இலை போடுகிறார்கள் என்று குரல் கேட்டது. மகளுக்கு அவள் அம்மா ஊசியைப் போட்டுவிட்டு, மணப்பெண்ணோடு நிற்க உள்ளே போனாள். நாங்கள் பெண் வீட்டுக்காரர்கள். முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு, அதுதான் மரியாதை. அன்று அவர்கள் கூட்டம் இரண்டாம் பந்தியையும் நிரப்பிவிட்டது. நான் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிட்டிருப்பாள் என்று அவள் அம்மா நினைத்தாள். அம்மாவோடு இருப்பாள் என்று நான் நினைத்தேன்.

பரிமாறிக்கொண்டே திரும்பியபோது கூடத்தின் ஓரத்தில் அவளைக் கண்டேன். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, பந்திக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது. கூப்பிட்டேன்; திரும்பவில்லை. தொட்டபோது சாய்ந்தாள்.

வாளியைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை. அக்கா சர்பத்துக்கு வைத்திருந்த சர்க்கரையை அள்ளிக்கொண்டு வந்தாள். "மக்கா, வாயைத் திற, எனக்க தங்கமில்லா, திறட்டி" என்று கத்தினாள். விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. நடுக்கம் நின்று கண் தெளிய வெகுநேரம் ஆனதுபோல எனக்குத் தோன்றியது.

"பக்கத்துலதானே நின்னேன். ஒரு வாக்கு சொல்லப்பிடாதாட்டி?" என்றாள் அக்கா.

அவள் அக்காவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "நான் ஆருக்க இலையையும் பாக்கல்லப்பா."

பாயசத்துக்கு இலை காட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள்.

அதன்பிறகு நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். வேலையிலிருந்து வந்ததும் தெருவுக்குக் கேட்கும்படி "எனக்குப் பசிக்கு" என்று கத்துவேன். மகளின் தட்டிலிருந்து பப்படத்தைப் பிடுங்குவேன். சிரிப்பாள். என் தட்டில் கை வைக்கமாட்டாள். அக்கா வலியக் கூட்டிப்போய்த் தன் மகனுக்கு எதிரே உட்காரவைத்து இருவருக்கும் ஒன்றாகப் பரிமாறினாள். குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு வந்தாள். ஊசி அவள் மூளைக்குப் போதும் என்ற செய்தியைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் வீட்டிலிருந்து அவளுக்குள் போன செய்தியை எடுக்க எந்த மருந்தைக் கேட்பது என்று தெரியவில்லை.

இப்போது அவளுக்கு இருபது வயது. நாகர்கோவிலில் கல்லூரி, வீட்டிலிருந்தே போய்வருகிறாள். ஊசியின் அளவையெல்லாம் அவளே பார்த்துக்கொள்கிறாள்; எங்களைவிட நன்றாகத் தெரியும். பசிக்கிறது என்று மட்டும் சொல்வதில்லை. விரலைக் குத்தி, கருவியில் ரத்தத்தை வைத்து, எண் குறைந்திருந்தால் அந்தக் கருவியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டுவாள். கை நடுங்கிக்கொண்டிருக்கும்.

என்ன வேண்டும் மக்கா என்று கேட்க நாக்கு துடிக்கும். அவள் வாயால் சொல்லும்வரை காத்து நிற்க ஆசைதான். அதற்கு நேரம் கிடையாது. சர்க்கரை எடுக்க எழுந்து போகிறேன்.