முகத்துவாரத்தில் கேட்ட பெயர்

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். டச்சுக்காரர்களின் கப்பல் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டிருக்கிறது. துணி மூட்டைகளுக்குக் காவலாக அதில் நான் ஜாவாவுக்குப் போகவேண்டும். பதினைந்து வயதில், நாகப்பட்டினத் துறையில், ஜாவா மாலுமி ஒருவன் வெண்கலத் தட்டுகளைத் தட்டி வாசித்ததைக் கேட்டேன். அன்று பிடித்த ஆசை. இப்போது எனக்கு நாற்பது வயது. படகு வந்துவிட்டது, கால்தான் நகர மறுக்கிறது. முன்னால் போன படகை அலை செங்குத்தாகத் தூக்கிப் போட்டதைப் பார்த்துவிட்டேன்.

பக்கத்தில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்கிறாள்.

"எங்கண்ணே போறே?"

"ஜாவாவுக்கு."

"அங்க யார் கீறாங்க உனக்கு?"

"யாருமில்லம்மா. சின்ன வயசுல அந்த ஊர் வாத்தியம் ஒண்ணு கேட்டேன்." சொல்லும்போதே வெட்கமாக இருக்கிறது.

அவள் சிரிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரும் அங்கதான் கப்பல் ஏறிப் போனாரு. மூணு வருசமா சேதி இல்ல. பாத்தா, நான் காத்துகினு கீறேன்னு சொல்றியா?"

"அவரு பேரு என்ன?"

தலைகுனிகிறாள். புருஷன் பெயரை வாயால் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. படகுக்காரர் அதட்டுகிறார். ஏறிவிடுகிறேன். முதல் அலை படகைத் தூக்கும்போது கயிற்றை இறுகப் பிடித்தபடி கரையைப் பார்க்கிறேன். அவள் இடுப்பளவு தண்ணீருக்கு ஓடிவந்து, இரு கைகளையும் வாயருகே குவித்து, ஊரே கேட்கக் கூவுகிறாள்.

"மாரி! அவரு பேரு மாரி!"

எனக்குக் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரியவேண்டுமே. நானும் தொண்டை கிழிய அந்தப் பெயரைத் திருப்பிக் கத்துகிறேன்.