கை தேய்க்கிற நர்ஸ்

படுத்திருப்பவரை இறக்காமலே விரிப்பு மாற்றுவதில் என் தோழி நெட்டையை மிஞ்ச ஆளில்லை. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைப்பாள், அழுக்கு விரிப்பை முதுகோரம் சுருட்டுவாள், புதியதைப் பரப்பி, மறுபக்கம் திருப்பி இழுப்பாள். மூன்றே நிமிடம். நோயாளி பராமரிப்புப் பயிற்சியை இருவரும் ஒன்றாக முடித்தோம். இந்த வீட்டில் பகல் அவள், மாலை நான்.

ஐயா கதை எழுதுகிறவர். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதி, உரக்கப் படித்துக் காட்டுவார். புதுக் கதையில் ஒரு நர்ஸ் வந்தாள். நோயாளியைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாளாம்.

நெட்டைக்கு வயிறு எரிந்தது. தனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தவள் என்றே முடிவுகட்டிவிட்டாள்.

"அவளையே திரும்பக் கூப்பிட்டாங்கன்னா என் கதி என்னடி? அந்த இடத்தைப் படிக்கிறப்ப ஐயா மூஞ்சி எப்படி மலருது தெரியுமா? என்னைப் பாத்து ஒருநாள் மலர்ந்திருக்கா?"

"கேட்டுத் தொலையேன். வாயை வாடகைக்கா விட்டிருக்கே?"

ஒரு மாலை நான் உள்ளே நுழையும்போது கேட்டே விட்டாள். "அம்மா, அந்தக் கை தேய்க்கிறவ இப்ப எங்க வேலை பாக்குறா?"

அம்மா பேனாவை மூடினார். "அப்படி எவளும் இல்லம்மா. இவரா இட்டுக்கட்டினது."

நெட்டை ஆறவில்லை, இன்னும் கொதித்தாள். இருப்பவளோடு சண்டை போடலாம், இல்லாதவளை என்ன செய்வது?

"அதானே பாத்தேன்! ஒருநாளாவது பெட்பேன் வெச்சாளா? எண்பது கிலோ ஆளை ஒத்தையாத் தூக்குறா. நிஜமா இருந்தா அந்த மகராசி இடுப்பு போயிருக்கும்!"

ஐயா சிரித்தார், வாய் ஒருபக்கம் கோணியது. "சரி... பெட்பேன் வெச்சிடலாம்." பிறகு குழறலாக, "உன் கை ஐஸ் மாதிரி இருக்கும்மா. நேரா சொல்லக் கூச்சம். அதான் கதையில சொன்னேன்."

நெட்டை பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கும் சுருக்கென்றது. என் கையும் சில்லென்றுதான் இருக்கும். கதையில் எனக்கு ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் மாலை நான் வந்ததும், காலையில் நடந்ததை அம்மா சொன்னார். நெட்டை வெந்நீரில் கைகளை முக்கித் துடைத்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு ஐயாவைத் திருப்பினாளாம். விரிப்பை இழுத்துச் செருகியபடியே, "எழுதிக்குங்கம்மா. வெறுமனே தேச்சா சூடு நிக்காது. அந்த நர்ஸ் வெந்நீர்ல கையை முக்கிக்கிட்டான்னு போடுங்க" என்றாளாம்.

அம்மா பழைய வரியை அடித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.