இடப்பக்கத்து ரத்தக்குழாய்

ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்க எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. காலை ஆட்டிக்கொண்டே படிப்பேன், நடந்துகொண்டே சாப்பிடுவேன். இப்படிப்பட்டவளுக்கு, விலங்கியல் பட்டப்படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வில் வந்து வாய்த்தது ஆண் எலியின் இனப்பெருக்க உறுப்புகளுக்குப் போகும் ரத்தக்குழாய்கள். தலைமுடி கனம்தான் இருக்கும். அறுபடாமல் பிரித்துக் காட்ட வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். அதற்குள் என்னைக் கட்டிக்கொண்டு போக மாமா வீட்டில் தயாராக இருந்தார்கள்.

அப்போது புது ஆட்சியில் கல்லூரியிலும் தமிழிலேயே படிக்கலாம் என்று வந்திருந்தது. ஆங்கிலத்தில் சொன்னால் யாரும் கண்டுகொள்ளாத உறுப்பை ஆசிரியை ‘விரை’ என்று சொன்னதும் வகுப்பே மேசைக்குள் தலையை விட்டுச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வாரம் இரண்டு முறை வீட்டுக் குழம்புக்கு எலி சுத்தம் செய்கிறவளுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் அதை அங்கே சொன்னதில்லை. எங்கள் ஊர் மிராசுதாரின் மகள் எனக்குப் பக்கத்து மேசை. “எலி திங்கிறவங்க கிட்ட வந்தாலே நாறும்” என்று ஒருநாள் யாரையோ சொல்வதுபோல் சொல்லி மூக்கைப் பிடித்துக் காட்டினாள். மறுநாளிலிருந்து நான் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். நினைத்தால் இப்போதும் எரிகிறது. பாதி அவள்மேல், பாதி என்மேல்.

அந்த மாசியில் அறுவடைக் கூலியை ஏற்றிக் கேட்டு எங்கள் தெருவே அரிவாளைக் கூரையில் செருகிவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தார். அப்பாவும் மற்றவர்களும் வாய்க்கால் பாலத்தில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். போலீஸ் வேன் வந்து நின்றுகொண்டது. இரண்டாம் போகமான தாளடி நெற்கதிர் அறுக்க ஆளில்லாமல் தலைசாய்ந்து கிடக்க, அதைத் தின்று எலிகள் கொழுத்தன. வரப்போரம் மூங்கில் கிட்டி வைத்து அப்பா அவற்றைப் பிடித்துவருவார். மூன்று வாரம் எங்கள் வீட்டுக் குழம்பு அதுதான்.

கல்லூரியில் மூன்று பேருக்கு ஒரு வெள்ளை எலிதான் கொடுப்பார்கள். பரீட்சைக்கு எது வரும் என்று நான் சொன்ன நாளிலிருந்து அப்பா ஆண் எலிகளைத் தனியாக எடுத்துவைத்தார்.

“இதுங்கள யாரும் தொடாதீங்க. பாப்பா படிச்ச பெறகுதான் சட்டிக்கு.”

பலகையில் ஆணியடித்துப் பிளேடால் திறந்து பார்ப்பேன். பெருந்தமனியிலிருந்து, சிறுநீரகத்துக்குச் சற்றுக் கீழே, நூல் பிரிவதுபோல ஒரு குழாய் பிரியும். அங்கிருந்து நெடுந்தூரம் இறங்கி, விரையை நெருங்கும்போது நெளிநெளியாகச் சுருண்டுகொள்ளும். சிரைகள் அதைப் பின்னிக்கொண்டு, உள்ளே போகும் ரத்தத்தின் சூட்டைத் தணிக்கும் என்று புத்தகம் சொன்னது. நேராகப் போய்த் தொலைத்தால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வரும். அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள்.

“கொழம்பு கொதிக்குது. பாத்தது போதும், குடுடி!”

விரையோடு ஒட்டியிருக்கும் கொழுப்பை இரண்டு விரலால் பிடித்து ஒரே இழுப்பு. எல்லாம் கொத்தாக வந்துவிடும். குடலோடு சேர்த்து எறிந்துவிட்டு எலியை அம்மாவிடம் நீட்டுவேன். தினமும் இப்படித்தான் முடியும்.

தேர்வன்று ஆளுக்கொரு வெள்ளை எலி, மெழுகுத் தட்டு. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். திறந்தேன். கொழுப்பு குழாயை மறைத்திருந்தது. அதை இடுக்கியால் இணுக்கு இணுக்காக எடுக்க வேண்டும். பக்கத்து மேசையில் மிராசுதார் மகள் குண்டூசியில் பெயர்க்கொடி நட ஆரம்பித்திருந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, கால் தானாக ஆடியது. இடுக்கியை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியாது. விரலால் கொழுப்பைப் பிடித்து ஒரே இழுப்பு.

இடது விரை என் கையில் இருந்தது. குழாய் அறுந்து தட்டெல்லாம் ரத்தம்.

“என்னம்மா இது?” என்று தேர்வாளர் வந்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். “சரி, பதறாத. வலப்பக்கம் இருக்குல்ல, அதுல காட்டு.”

அடுத்த அரைமணி நேரம் என் கால் ஆடவில்லை. பிறந்ததிலிருந்து நான் அசையாமல் இருந்தது அந்த அரைமணிதான். கொழுப்பை இணுக்கு இணுக்காக எடுத்து, குழாய்க்கு அடியில் கறுப்புத் தாள் செருகி, கொடி நட்டேன். பெருந்தமனியிலிருந்து விரைவரை ஓரிடத்திலும் அறுபடவில்லை. தேர்வாளர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“இவ்வளவு சுத்தமா எங்கம்மா பழகுன? வீட்டுல ஏதும் செஞ்சு பாத்தியா?”

மிராசுதார் மகள் தலையைத் தூக்கினாள்.

“இல்ல சார். இங்க லேப்லதான்.”

“அப்ப இடப்பக்கம்?”

“கை நடுங்கிடுச்சு சார்.”

என் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. அவர் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டார். தேறிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா வாய்க்கால் பாலத்தில் மறியலுக்கு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

“பாஸா? நம்ம எலி ஒத்தாசையா இருந்துச்சா? சார்கிட்ட சொன்னியா பாப்பா, எங்கப்பாதான் புடிச்சாந்து குடுத்தாருன்னு?”

“சொன்னேம்பா.”

“என்ன சொன்னாரு?”

“நல்ல அப்பான்னாரு.”

இருட்டுவதற்குள் பாலத்தில் நின்ற அத்தனை பேரிடமும் அப்பா அதைச் சொல்லி முடித்திருந்தார்.