இடிக்கு அணைத்த பெட்டி

எந்த மிஷினும் ஒருநாள் கெட்டுப்போகும், கெட்ட பிறகு அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி என்பாள் கோகிலவாணி. கலசப்பாக்கத்தில் பிறந்தவள். டிப்ளமோ முடித்து, இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்த பிறகுதான் வேலூரில் அந்தச் சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜவ்வாது மலையில் ஓடை பெருகினால் தரைப்பாலத்தில் சங்கு ஊதும் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி அது.

பெட்டிக்குள் அதை ஓட்டும் சாஃப்ட்வேருக்கு இரண்டு பிரதிகள். ஒன்று கெட்டால் மற்றது எழும்ப வேண்டும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் பெட்டி தனக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளும். சில நிமிஷம் ஒழுங்காக ஓடிவிட்டால் கோட்டை அழித்துவிடும். அழியாமல் மூன்று கோடு சேர்ந்தால் அந்தப் பிரதி கெட்டது என்று ஒதுக்கிவிடும். இரண்டையும் ஒதுக்கிவிட்டால் சிவப்பு விளக்கோடு சும்மா நிற்கும். இந்த ஏற்பாடு கோகிலவாணியுடையது. வீட்டுச் சமையல் மேடையில் வைத்து, குக்கர் விசிலுக்கு நடுவே ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தாள். "சோறு தீயுது, நீ பொட்டியைக் கொன்னு கொன்னு எழுப்பு" என்பாள் பெரிய மகள் பிரியதர்ஷினி.

அந்தப் பிற்பகல் அவள் மலையேறியது, ஒரு பெட்டி பேச்சுமூச்சில்லாமல் போனதால். பாலத்தை ஒட்டியே, பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஜெயம்மாள் வீடு. பெட்டி இருப்பது அங்கேதான், அதற்குக் கரண்ட்டும் அங்கிருந்துதான். மேற்கே வானம் கறுத்து, காற்று அடியோடு நின்றிருந்தது.

"எப்போ சரியாவும்?" என்றாள் ஜெயம்மாள். "புளி ஏத்திக்கினு செங்கம் போன ஜீப்புல எங்கூட்டுக்காரரு வர்றாரு. முன்னெல்லாம் எறங்கி, தண்ணியில கால வெச்சிப் பாத்துட்டுதான் வண்டிய வுடுவாரு. இப்போ சங்கு ஊதலன்னா தைரியமா எறக்கிடறாரு."

கோகிலவாணி லேப்டாப்பைப் பெட்டியில் செருகினாள். முதல் பிரதி நிஜமாகவே பாழ். பெட்டி அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்ப் பாதியில் அறுந்து கிடந்தது. இரண்டாவதைச் சரிபார்த்தாள். ஓர் எழுத்துப் பிசகில்லை. ஆனாலும் மூன்று கோடு விழுந்து, கெட்டது என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

மலைக்குப் பின்னால் இடி உருண்டது. ஜெயம்மாள் எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"இடி இடிக்குதே. உங்க பொருளு எரிஞ்சி போச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"பேட்டரி?"

"அதையும் கழட்டி அரிசிப் பானையாண்ட வெச்சிடுவேன். இடி ஓஞ்சா மாட்டுவேன், திரும்ப இடிச்சா கழட்டுவேன். ஒருதபா கூட வுட்டதில்ல."

கோகிலவாணி அந்த மூன்று கோடுகளை மறுபடி பார்த்தாள். நல்ல பிரதி எழும்பி நிற்பதற்குள் இடி. மறுபடி எழும்புவதற்குள் மறுபடி இடி. சமையல் மேடையில் அவள் எத்தனையோ முறை ஒயரைப் பிடுங்கியிருக்கிறாள். ஆனால் பெட்டி முழுசாக எழும்பட்டும் என்று காத்திருந்துதான் அடுத்த முறை பிடுங்கினாள். இடி அப்படிக் காத்திருக்காது.

சுவிட்சைப் போட்டு, கோடுகளை அழித்து, பெட்டியைக் கிளப்பினாள். ஓடையின் சத்தம் கனத்திருந்தது. மேலே எங்கோ மழை கொட்டுகிறது.

இந்த முறை இடி கூரை மேலேயே விழுந்த மாதிரி இருந்தது. ஜெயம்மாளின் கை சுவிட்சுக்குப் போனது.

"கைய எடுங்கக்கா."

"வூடு எரிஞ்சா நீ கட்டிக் குடுப்பியா?"

"அண்ணன் பாலத்துல எறங்கறதுக்குள்ள இது எழுந்திரிக்கணும். இப்போ அணைச்சா திரும்ப மொதல்லேர்ந்துதான்."

ஜெயம்மாள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். சுவரோடு சாய்ந்து கண்ணை மூடினாள்.

விளக்கு பச்சையானது. ஆன உடனே சங்கு அலறியது. தண்ணீர் ஏற்கெனவே அளவைத் தாண்டியிருந்தது. செந்நிற வெள்ளம் பாலத்தை மூடிக்கொண்டு போனது. எதிர்க்கரை வளைவில் இரண்டு வெளிச்சம் வந்தது, தயங்கியது, நின்றது. ஹாரன் ஒருமுறை கேட்டது.

"நின்னுட்டாரு," என்று தரையில் உட்கார்ந்தாள் ஜெயம்மாள். மூச்சு வாங்கியபின், ஒரு நல்ல காரியம் செய்தவளின் குரலில் சொன்னாள்: "கீழ, இதே ஓடை திரும்பற எடத்துல எங்க நாத்தனா மங்கம்மா வூடு. அங்கயும் உங்க பொட்டிதான். இடிச்சா புடுங்கிடுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். பத்திரமா வெச்சிருக்கா."

கோகிலவாணி போனை எடுத்தாள். மங்கம்மாளின் போன் அணைந்திருந்தது.

"இடின்னா போனையும் அணைச்சிடுவா."

"இந்நேரத்துக்கு அந்தப் பாலத்துல யாருக்கா போவாங்க?"

"கொல்லை வேலைக்குப் போன பொம்பளைங்கல்லாம் வூடு திரும்ப..." ஜெயம்மாள் பாலத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

வேரோடு பெயர்ந்த மரம் ஒன்று பாலத்தின் மேல் புரண்டு, கீழ்ப்பக்கமாக வேகமாகப் போனது.