கரடி அதிகாரியின் கடைசிப் பல்வலி

அந்த மாவட்டக் காவல்துறைத் தலைவருக்குக் கரடி என்று பெயர் வைத்தவர்கள், காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த தோழர்கள். கைகளில் அடர்ந்த முடி, தொண்டையில் சதா ஓர் உறுமல், நடந்தால் மரப்படி அதிரும். சுவரொட்டியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் தனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது. கரடிக்கு மக்கள் நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருக்கிறது என்ற அடுத்த வரியைப் படித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

அவர் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. ஒருமுறை கண்ணிவெடியில் ஜீப்பின் முன்சக்கரம் பிய்ந்து சோளக்கொல்லைக்குள் பறந்தது. புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தவர், சக்கரத்தைத் தேடிப் பிடித்து, வீடுவரை தானே உருட்டிக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது கோலம்?"

"அரசாங்கச் சொத்து. விட்டுட்டு வரச் சொல்றியா?"

இப்பேர்ப்பட்டவருக்கு ஊசியைக் கண்டால் உயிரே போய்விடும். மகளுக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப் போன அன்று குழந்தை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மயங்கி விழுந்தவர் இவர். அது வீட்டோடு இருந்த ரகசியம்.

ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கும்போது கடைவாய்ப் பல் அவரைப் பிடித்துக்கொண்டது. கிராம்பெண்ணெய் தடவினார், உப்புநீர் கொப்பளித்தார், தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு அணிவகுப்பைப் பார்வையிட்டார். வீங்கிய வாயால் அவர் போட்ட உத்தரவு யாருக்கும் விளங்கவில்லை. வடக்கே போகவேண்டிய படை கிழக்கே போய், அங்கே ஆள் அரவமே இல்லாததால் ஆற்றில் ஆசை தீரக் குளித்துவிட்டுத் திரும்பியது. இனிப் பொறுப்பதில்லை என்று மனைவி முடிவுகட்டினாள்.

ஊரில் இருந்தது ஒரே பல் டாக்டர். அவருடைய தம்பி காட்டுக்குள் இருந்தான்.

"அவன் தம்பி யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தம்பியா வந்து பல்லைப் பிடுங்கப் போறான்? கிளம்புங்க பேசாம."

பல் டாக்டரின் அறையில் காவலர்கள் இழுப்பறைகளையெல்லாம் குடைந்து பார்த்துவிட்டு வாசலில் நின்றார்கள். கரடி சாய்வு நாற்காலியில் மல்லாந்தார். மனைவி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஒடிசலான மனிதர்.

"உன் தம்பி எங்கய்யா இருக்கான்?" என்று உறுமினார் கரடி.

"ஐயா, ரெண்டும் ஒண்ணா முடியாது. ஒண்ணு விசாரிங்க, இல்லேன்னா பல்லைக் காட்டுங்க."

"நான் யார்கிட்டயும் பல்லைக் காட்டினதில்ல!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மூவரும் சிரித்துவிட்டார்கள். டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பினார். கணவரின் பிடி இறுகியதை அவள் உணர்ந்தாள். பிறகு அது தளர்ந்தது.

"வழக்கமா நடக்கறதுதான் டாக்டர். தண்ணி தெளிங்க, எழுந்துடுவார்."

டாக்டர் தண்ணீர் தெளித்தார். நாடி பார்த்தார். சட்டென்று நாற்காலி மேலேயே ஏறி நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். "ஐயா, போயிடாதீங்க! ஐயா!" என்று கத்தினார். வியர்வையும் கண்ணீரும் சேர்ந்து சீருடையில் சொட்டின. ஊசியிலிருந்த மருந்து ஒரு சொட்டும் குறையாமல் தட்டில் கிடந்தது.

சாயங்காலத்துக்குள் டாக்டரைக் கொலைகாரன் என்று உள்ளே தள்ளிவிட்டார்கள். மறுநாள் சுவரொட்டி வந்தது: கரடியின் கதையை முடித்த பல் மருத்துவத் தோழருக்குச் செவ்வணக்கம். இத்தனை வருடச் சண்டையில் இரு தரப்பும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பதவிக்கு வந்த புது அதிகாரி வீட்டுக்கு வந்து பவ்வியமாக உட்கார்ந்தார். "நாற்சந்தியில ஐயாவுக்குச் சிலை வைக்கப் போறோம்மா. ஊசி போட்டதும் துடிச்சார்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சிலை என்றதும் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் சக்கரம் உருட்டி வந்த மனிதரை ஊரே கேலி பேசும். சொல்லாவிட்டால் டாக்டரின் கழுத்துக்குக் கயிறு. சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால், நாற்காலி மேல் ஏறிக் கத்திய அந்த ஒடிசலான மனிதர்தான் தெரிந்தார்.

நீதிபதி முன்னால் போய் நின்றாள். "என் வீட்டுக்காரரை யாரும் கொல்லலைங்க. ஊசியைப் பார்த்தார், பயந்தார், போயிட்டார். கல்யாணமான நாள்லேர்ந்து அவர் அப்படித்தான்." தடுப்பூசிக் கதையையும் ஒளிக்காமல் சொன்னாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். நீதிபதி கைக்குட்டைக்குள் வெகுநேரம் இருமினார். அவள் தலையைக் குனியவில்லை. பிரேதப் பரிசோதனையும் அவள் பேச்சையே உறுதிசெய்தது.

டாக்டரை விட்டுவிட்டார்கள். சிலைப் பேச்சு அடங்கியது. முந்தைய அறிவிப்பில் அவசரப்பட்டுவிட்டோம் என்று தோழர்கள் சுயவிமர்சனம் செய்துகொண்டு ஒரு சின்னத் துண்டறிக்கை ஒட்டினார்கள்.

வழக்கு முடியும்வரை பிணவறையில் இருந்த உடலை அதன் பிறகே கொடுத்தார்கள். ஊரே சிரித்தபின் அடக்கத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். வரிசை தெருக்கோடி வரை நின்றது. மலைபோல் உடம்பும் முறுக்கு மீசையுமாக வந்த தலைமைக் காவலர் சல்யூட் அடித்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"வெளியில சொல்லிடாதீங்கம்மா. எனக்குப் பல்லியைக் கண்டா ஆகாது."

"அதனாலென்ன தம்பி," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.