தக்காளிக்குப் போட்ட ஊசி

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எருத்தேன்பதியில் எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. கொரோனாவும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

முதலில் அது வந்தது பெரியப்பாவுக்குத்தான். அப்பாவின் அண்ணன். தோட்டம், மாடு, எங்கள் எல்லோருடைய வாய், எல்லாம் அவர் கையில். காய்ச்சலோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்தவருக்கு, அம்மை கண்டால் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். வாசலில் வேப்பந்தழை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு கிடையாது. காய்ச்சல் விட்டதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். குளித்து எழுந்த பெரியப்பா அன்றிலிருந்து டாக்டர்.

"அம்மை ஒருக்கா வந்த ஒடம்புக்கு மறுக்கா வருமா? அதாட்டத்தான் இதுவும். வந்துட்டுப் போனா ஒடம்பு தானா கெட்டிப்படும். ஊசியெல்லாம் சத்தில்லாத டவுன்காரனுக்கு."

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொன்னார். ஊரிலேயே கெட்டியான ஆள் என் பெரியப்பா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவுக்கு இழுப்பு உண்டு. அதனால் வீடு வீடாக வரும் ஆஷா சுகாதாரப் பணியாளர் சேச்சி அவளைத்தான் முதலில் தேடி வந்தார். "நாளெ ஸ்கூல்ல வாக்சின் உண்டு. நிங்ஙளுக்கு மூச்சுமுட்டு இருக்கில்ல, கட்டாயம் வரணம்" என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். மறுநாள் கூட்டிப்போகவும் வந்துவிட்டார். அம்மா நல்ல சேலை கட்டி வாசலுக்கு வந்தாள்.

பெரியப்பா கட்டிலை விட்டு எழக்கூட இல்லை. "ஏனுங்கம்மிணி, எங்க ஊட்டுப் பொம்பளைகளுக்கு அதெல்லாம் வேண்டாமுங்க. வந்தா வந்துட்டுப் போவுது."

அப்பா மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா உள்ளே போய்ப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் பெரியப்பா தக்காளி ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி சந்தைக்குப் போய்வந்தார். அவர் வந்ததும் இடது கையைப் பிடித்துத் தொங்குவது என் வழக்கம். அன்று தொங்கியதும் கையை உதறிவிட்டார். "பொட்டி தூக்குனதுல சுளுக்கிக்கிச்சு கண்ணு." நான் ஓடிப்போய் நல்லெண்ணெய் கொண்டுவந்து, தோளுக்குக் கீழே நீவிவிட்டேன். மறுநாள் அவருக்குக் காய்ச்சல் வேறு. வெயில் என்றார்.

மழைக்காலத்தில் அம்மாவுக்கு வந்தது. மறுபடி வேப்பந்தழை. அவள் மூச்சுக்குத் தவித்தபோதும், தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்றே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் சேச்சிதான் சண்டை போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தார். அம்மா திரும்பி வரவில்லை. அவள் கொடுப்பினை அவ்வளவுதான் என்றார் பெரியப்பா. கொடுப்பினையாம்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் தம்பி விளையாட்டாக என் இடது கையைப் பிடித்து இழுத்தான். உயிர் போய் உயிர் வந்தது. தோளுக்குக் கீழே, பெரியப்பாவுக்கு நான் நீவிவிட்ட அதே இடம். நேராகப் பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் மறுக்கக்கூட இல்லை.

"ஊசி போடாதவன செக்போஸ்ட்டுல உட மாட்டேன்னுட்டாங்க. லோடு அழுகிப் போயிராதா கண்ணு?"

நோய் வந்துபோன உடம்புக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். இருக்கட்டும். வந்துபோன உடம்பு அவருடையது. என் அம்மாவுக்கு அது அதுவரை வந்ததே இல்லை. அவருடைய தெம்பை நம்பி அவளை வீட்டில் உட்காரவைக்க அவர் யார்? தக்காளிக்காகக் கையை நீட்டியவர், திரும்பி வந்து, நீயும் போய்ப் போட்டுக்கோ அம்மிணி என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போயிருப்பார்? குறைந்துதான் போயிருப்பார். ஊரெல்லாம் பேசிய பேச்சு என்ன ஆவது?

அன்று எண்ணெய்க் கிண்ணத்தோடு கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வலி குறையுதுங்களா பெரீப்பா என்று கேட்டுக் கேட்டு நீவினேன். பச்சை எண்ணெய்க்கு வலி கேட்காது என்று கிண்ணத்தை வாங்கிப்போய், சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தது அம்மா.