திட்டு வாங்க ஒருத்தி

ஷிராஸ் நகரத்துக் கருத்தரிப்பு மையத்தில் மாஹ்ரொக் அளவுக்குச் சாபம் வாங்கியவர் யாரும் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் கருக்களை வளர்ப்பது அவள் வேலை. ஒரு கரு இரண்டாக, நான்காகப் பிரியும்போதே குரோமோசோம்கள் ஒரு பக்கம் கூடி, மறுபக்கம் குறைந்துபோவது அங்கே சர்வ சாதாரணம். பல நேரம் அதில் தாய்க்கும் பங்கில்லை, தகப்பனுக்கும் பங்கில்லை. சொன்னால் எந்தக் குடும்பம் காதில் வாங்குகிறது?

எஸ்மத் அம்மாளும் வாங்கவில்லை. பக்கத்தில் மருமகள் ஷகுஃபே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கருவும் தேறலையா? குறை யார்கிட்ட, சொல்லு டாக்டரம்மா. என் பையன் கல்லு மாதிரி இருக்கான். இவதான் எலும்பும் தோலுமா இருக்கா."

"ரெண்டு பேர்கிட்டயும் இல்லம்மா. பிரியறப்ப தானா தப்பாயிடுச்சு."

"தானாவா? அப்ப நான் யாரைத் திட்டுறது?"

"என்னைத் திட்டுங்க. அப்ப அது இவ வயித்துல இல்ல, என் பொறுப்புல இருந்துச்சு."

கூட வேலை செய்கிறவர்கள் இதற்காகவே அவளைப் பைத்தியம் என்பார்கள்.

எஸ்மத் அம்மாள் விடவில்லை. "உன் கை விளங்காமப் போக! நீ நல்லா இருப்பியா?" என்று மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்தாள். மாஹ்ரொக் எழுந்துபோய் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். வாசலில் நின்று எஸ்மத் அம்மாள் மருமகளின் முக்காட்டைச் சரிசெய்தாள்.

"வா கண்ணு, காலையிலேர்ந்து பட்டினியா இருக்க. சூடா ஆஷ் கஞ்சி குடிக்கலாம். இந்தப் பாவி கையில மாட்டினதுக்கு நீ என்ன பண்ணுவ?"